48 மணி நேரம்

பண்ணைக்காட்டிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கி, தேனி, கம்பம் தாண்டினால் சுருளி அருவி. அங்கே 2011-இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை, 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரிகளைக் கையாண்டதில் அத்தனை ஓட்டைகள்.

சம்பவ இடத்தில் எடுத்த ஈரத்துணியை உலர்த்தாமல் பிளாஸ்டிக் பையில் கட்டினாலே பூஞ்சை பிடித்துத் தடயம் கெடும். சுத்தமான மாதிரிகூட யாருடையது என்று நிகழ்தகவாகத்தான் சொல்லும். எப்போது, எப்படி அங்கே வந்தது என்று சொல்லாது.

மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும்; கைமாறும் விவரமெல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று அதே தீர்ப்பில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அறிவியலை நம்புவோம், அது வந்த வழியையும் விசாரிப்போம். தூக்கில் போன உயிரை எந்த மேல்முறையீடும் மீட்டுத் தராது.