பருத்திக் காயும் புழுவும்



பருத்தி விதைப் பாக்கெட்டில் 'பி.டி.' என்று போட்டிருக்கும். அது கம்பெனியின் பெயர் இல்லை. ஒரு கிருமியின் பெயர். சுருக்கி எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கிருமி மண்ணில் வாழ்கிறது. கண்ணுக்குத் தெரியாது. 1901-ஆம் ஆண்டு ஜப்பானில், நோயில் செத்த பட்டுப்புழுக்களில் இஷிவாட்டா என்ற அறிஞர் இதைக் கண்டார். பட்டுப்புழுவைக் கொல்லும் கிருமி, பயிரைத் தின்னும் புழுவையும் கொல்லும் அல்லவா? அதனால் இதை வைத்துப் பூச்சிமருந்து செய்தார்கள். ஆனால் தெளித்த மருந்து வெயிலில் வீணாகும். காய்க்குள் புகுந்த புழுவை அது எட்டாது.

செடியே அந்த மருந்தைச் செய்தால்? இங்கேதான் மரபணு வருகிறது.

அம்மாவின் மூக்கு மகளுக்கு வருகிறது. காரணம் மரபணு. உயிருக்குள் எழுதி வைத்த குறிப்பு போன்றது அது. புழுவைக் கொல்லும் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு அந்தக் கிருமியிடம் இருந்தது. விஞ்ஞானிகள் அதை மட்டும் எடுத்துப் பருத்திக்குள் சேர்த்தார்கள். இப்போது காய்ப்புழு செடியைக் கடித்தால் அதன் குடலில் ஓட்டை விழும். தின்பதை நிறுத்தும். சாகும். மனிதர் குடலில் அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ள இடம் இல்லை.

2002 மார்ச்சில் மத்திய அரசு இந்தப் பருத்திக்கு அனுமதி தந்தது. சில ஆண்டுகளில் நாட்டின் பருத்தி நிலத்தில் 10-க்கு 9 பங்கில் இதுவே நின்றது. காய்ப்புழுவுக்கு அடிக்கும் மருந்து முதலில் குறைந்தது. அது உண்மை. ஆனால் சாறு உறிஞ்சும் அசுவினியை, வெள்ளை ஈயை இந்தப் புரதம் ஒன்றும் செய்யாது. 2015-இல் பஞ்சாபில் வெள்ளை ஈ பருத்தியைப் பாழாக்கியது.

புழுவும் சும்மா இருக்கவில்லை. அந்தக் கதையைக் கொஞ்சம் கவனியுங்கள்.

அப்போது விதையோடு இரண்டு பாக்கெட் தந்தார்கள். பெரியதில் 450 கிராம் பி.டி. விதை. சின்னதில் 120 கிராம் சாதாரண விதை. சின்னதை வயலைச் சுற்றி விதைக்க வேண்டும். எதற்கு? புழுவுக்குச் சோறு போடவா? ஆமாம், அதற்கேதான்!

பி.டி. செடியைத் தின்றும் எங்கோ ஒன்றிரண்டு புழு பிழைத்துவிடும். அவை அந்துப்பூச்சியாகித் தங்களுக்குள் ஜோடி சேர்ந்தால், குஞ்சுகளும் பிழைக்கும். சுற்றிலும் சாதாரணச் செடியில் வளர்ந்த பூச்சிகள் நிறைய இருந்தால், அவற்றோடு ஜோடி சேரும். அப்போது குஞ்சுகளில் பெரும்பாலானவை பி.டி. செடியில் சாகும்.

பல விவசாயிகள் சின்னப் பாக்கெட்டை விதைக்கவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமா? 2 ஏக்கர் வைத்திருப்பவர் அதில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடுவாரா? பொடி எழுத்தில் இருந்ததை யார் படித்துச் சொன்னார்கள்?

2006-இல் இரண்டு மரபணு சேர்த்த விதை வந்தது. 2010-இல் செய்தி வெளியானது. குஜராத்தில் அம்ரேலி, பாவ்நகர், ஜூனாகத், ராஜ்கோட் மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழைய பி.டி. பருத்தியைத் தின்றும் சாகவில்லை. பிறகு இரண்டு மரபணு விதையையும் அது வென்றது. 2017-இல் மகாராஷ்டிர விவசாயிகள் பெரிய நஷ்டம் கண்டார்கள்.

ஆகவே 'பி.டி.' என்று போட்டிருக்கிறதே என்று வயலைப் பார்க்காமல் இருக்காதீர்கள். பூ விரியாமல் ரோஜா மொட்டுப் போல் சுருண்டிருந்தால் உள்ளே புழு இருக்கும். காயில் வெளியே ஓட்டை தெரியாது. சில காய்களைப் பிளந்து பாருங்கள். இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் அந்துப்பூச்சி வந்திருப்பது முன்னதாகவே தெரியும்.

மானாவாரிப் பருவம் முடிந்தபின், இன்னும் நாலு காய் கிடைக்குமே என்று செடியை நீட்டி வைக்காதீர்கள். பருத்தி மாரை அடுப்புக்காக வீட்டோரம் அடுக்குவது வழக்கம். அதில் ஒட்டிய காய்ந்த காய்களுக்குள் புழு தூங்கும். காய்களைப் பறித்து அழித்துவிட்டு மாரை அடுக்குங்கள். அடுத்த விதைப்புக்கு முன் எரித்துத் தீர்த்துவிடுங்கள்.