முன்பணம்

(குழந்தைகள் தினத்தன்று நமது குடியிருப்பு வளாகத்தில் பேசியது)



ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990களில் குடியாத்தம் பக்கம் பல கிராமங்களில் பிள்ளைகள் பீடிக்கு முனை மடக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் யாருக்காவது வைத்தியம், அல்லது ஒரு கல்யாணம். அப்பா ஏஜென்ட்டிடம் முன்பணம் வாங்குவார். பிள்ளை வேலைக்குப் போகும். வங்கிக் கடனில் தவணை உண்டு, அசல் குறையும். இதில் தவணையே கிடையாது. வாங்கியதை மொத்தமாகத் திருப்பினால்தான் பிள்ளை வீடு திரும்பலாம். மொத்தமாகத் திருப்ப முடிந்தவன் பிள்ளையை ஏன் அனுப்புகிறான்?

பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933லேயே சட்டம் வந்தது. 1976ஆம் வருடச் சட்டம் கொத்தடிமைக் கடனையே ரத்து செய்தது. இங்கே மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார் அப்படிப்பட்ட பிள்ளைகளை மீட்டுச் சிறப்புப் பள்ளிகளில் சேர்த்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு அ, ஆ தெரியாது. எட்டு வயதுப் பிள்ளை வாசிக்கும். எல்லாரையும் ஒரே பாடத்தில் உட்கார வைக்க முடியாது. அதனால் ரிஷிவேலி பள்ளியின் அட்டை முறையைக் கொண்டுவந்தார்கள். அவர் சென்னை மாநகராட்சி ஆணையரானபோது, 2003இல், 13 பள்ளிகளில் அதைத் தொடங்கினார். பிறகு மாநிலம் முழுக்கப் போனது. உங்கள் பேரன் பேத்திகள் சிலர் படித்த 'செயல்வழிக் கற்றல்' அதுதான். நம்ம ஊர் பீடிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, என் கதைக்கு வருகிறேன். 1991இல் எங்கள் வீட்டிலும் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள. அவள் அம்மாவின் ஆபரேஷனுக்கு அப்பா என்னிடம் 1,500 ரூபாய் வாங்கியிருந்தார். நன்றாகத்தான் வைத்திருந்தோம், தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்தோம் என்று இன்றும் என் மனைவி சொல்வாள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வங்கியில் நாள் முழுக்கக் கணக்கு எழுதியவன், அந்த 1,500இல் எவ்வளவு கழிந்தது என்று இரண்டு வருஷத்தில் ஒருநாளும் எழுதவில்லை.

1992இல் நபார்டு மகளிர் குழுக்களுக்கு வங்கிக் கடன் திட்டம் கொண்டுவந்தது. எங்கள் கிளைக்கும் பிறகு வந்தது. காகிதத்தில் கறவை மாடு என்றிருக்கும். விசாரித்தால் ஆஸ்பத்திரிச் செலவு. மேலாளர்கள் கோபப்படுவார்கள். எனக்கென்னவோ அந்தப் பணம் மாட்டைவிடப் பெரிய வேலை செய்ததாகத்தான் தோன்றியது.

இதையெல்லாம் இன்று ஏன் சொல்கிறேன்? நம் வளாகத்தில் வேலை செய்யும் ஒரு அம்மாவின் மகள் இந்த ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. ஏஜென்ட்டிடம் முன்பணம் வாங்கி, வீட்டிலேயே ஷூ அப்பர் தைக்கிறாள். போன வருஷம் இதே மேடையில் நாம் கொடுத்த பையில்தான் தைத்த ஜோடிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

பை கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. இந்த வருஷம் வசூலான 60,000 ரூபாயில் பாதியைத் தனியாக வையுங்கள். இங்கே வேலை செய்பவர்களுக்கு, வாட்ச்மேன் குடும்பங்கள் உட்பட, அவசரத்துக்கு வட்டியில்லாமல் கொடுக்கலாம். ஒருவருக்கு 10,000 வரை, சிறு தவணையில். முக்கியமான ஒன்று, சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலையை விட்டுப் போனாலும் கடன் அதே தவணையில் தொடரட்டும். பிடிக்க ஆரம்பித்தால் நாமும் அந்த ஏஜென்ட்தான்.

திரும்பி வருமா என்று பொருளாளர் கேட்டார். எல்லாம் வராது சார். முதல் கடன் அந்தப் பெண்ணின் முன்பணத்தை அடைக்கப் போகட்டும். ஜனவரிக்குள் பள்ளிக்கூடம் போனால் வருஷம் வீணாகாது. என் பங்குக்கு 10,000 ரூபாய்க் காசோலை கொடுத்திருக்கிறேன். கடன் நோட்டு எழுதும் வேலையை எனக்கே கொடுங்கள்.