ஒரே ஒரு சுற்று

(நம் சங்கத்தின் விளையாட்டு நாள் விழாவில், தருவைகுளத்தில் பிறந்து வளர்ந்த, நம் குடியிருப்பைச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியை பேசியதன் எழுத்து வடிவம்.)

தலைவர் அண்ணாச்சி பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். ஐம்பது விநாடி ஓட்டத்தைப் பற்றிப் பேச அது தாராளம்.

இன்று காலை பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் நடத்தினோம். பத்து வயதுக்கு உட்பட்ட பிரிவில் பெண் பிள்ளைகள் பதினொரு பேர், பையன்கள் ஒன்பது பேர். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிரிவைக் கூப்பிட்டபோது பெண் பிள்ளைகள் இரண்டே பேர். மற்றவர்கள் மேலே பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சத்தான உணவு பற்றிப் பேசத்தான் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அதை மடித்துப் பையில் போட்டுவிட்டேன்.

400 மீட்டர் என்பது மைதானத்தை ஒரே ஒரு சுற்று சுற்றி வருவது. சொல்லும்போது சின்ன விஷயம். 100 மீட்டரில் மூச்சை அடக்கிக்கொண்டு பாய்ந்துவிடலாம், 800 மீட்டரில் நிதானமாகத் தொடங்கலாம். 400-ல் இரண்டுக்கும் வழியில்லை. முழுத் தூரத்தையும் முழு வேகத்தில் ஓட உலகத்தில் யாராலும் முடியாது. 300 மீட்டர் தாண்டியதும் தசையில் அமிலத்தன்மை ஏறி, கால் ஈயம் கட்டியதுபோல் ஆகிவிடும். கடைசி நூறு மீட்டரில் யாரும் வேகம் கூட்டுவதில்லை. மற்றவர்களைவிடக் குறைவாக வேகம் இழப்பவள் ஜெயிக்கிறாள்.

டிவியில் பார்க்கும்போது எட்டாவது தடத்தில் நிற்பவள் வெகுதூரம் முன்னால் நிற்பது போலத் தெரியும். "இது என்ன நியாயம்?" என்று என் மாமியார் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். வெளித்தடத்தின் வளைவு பெரிது. அதைச் சரிக்கட்ட முதல் தடத்துக்காரியைவிட ஏறக்குறைய 53 மீட்டர் முன்னால் நிறுத்துகிறார்கள். ஆனால் அவளுக்குத் தன் முன்னால் யாரும் இல்லை. பின்னால் யார் நெருங்குகிறார்கள் என்று தெரியாமலே ஓட வேண்டும்.

2018 ஜூலை 12, பின்லாந்தில் தாம்பரே என்ற ஊர். இருபது வயதுக்கு உட்பட்டோருக்கான உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் 400 மீட்டர் இறுதி. நான்காவது தடத்தில் அசாமின் திங் பகுதியைச் சேர்ந்த ஹிமா தாஸ், வயது 18. நெல் விவசாயி மகள், ஊரில் பையன்களோடு கால்பந்து ஆடியவள். கடைசி வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வரும்போது ருமேனியாவின் ஆண்ட்ரியா மிக்லோஷ் முன்னால் இருந்தாள். அங்கிருந்து கோடு வரைக்கும் ஹிமா ஓடியதை யூடியூபில் பாருங்கள். மற்றவர்கள் எல்லாம் பின்னோக்கி நகர்வது போல இருக்கும். 51.46 விநாடி, தங்கம். ஓடுதளத்தில் உலக அளவிலான ஒரு போட்டியில் இந்தியருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. அதற்கு மூன்று மாதம் முன்பு கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் அதே பெண் 51.32 விநாடியில் ஓடி ஆறாவதாக வந்தாள். தாம்பரேயைவிட நல்ல நேரம். ஆனால் பதக்கம் இல்லை. என் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் தாம்பரேயைச் சொல்வதற்கு முன் அந்த ஆறாவது இடத்தைத்தான் சொல்வேன். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 50.79 ஓடி வெள்ளி வாங்கினாள்.

ஜகார்த்தா என்றதும் எனக்கு 1985 நினைவுக்கு வரும். அங்கே நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் பி.டி. உஷா 100, 200, 400, 400 மீட்டர் தடை ஓட்டம், தொடர் ஓட்டம் என ஐந்து தங்கம் வாங்கினார். எனக்கு அப்போது பதினான்கு வயது. தருவைகுளத்தில் படகு கரைக்கு வரும் நேரத்தில் ஈர மணலில் ஓடுவேன். ஈர மணல் காலைப் பிடிக்காது, தள்ளிவிடும். அந்த வருடம் தூத்துக்குடியில் பள்ளிகளுக்கான போட்டியில் 400 மீட்டர் ஓடினேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் பாதியை நாய் துரத்தியது போல ஓடி எல்லோரையும் முந்திவிட்டு, கடைசியில் ஐந்து பேரை முன்னால் விட்டேன். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அடுத்த வருடம் எப்படி ஓடுவது என்று அன்று ராத்திரியே கணக்குப் போட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் வரவில்லை. "ஏட்டி, வயசுக்கு வந்த பிள்ளை கடற்கரையில என்ன ஓட்டம்?" என்று பெரியம்மா ஒரு வார்த்தை கேட்டார்கள். அம்மா மறுத்துப் பேசவில்லை. அப்பா கடலுக்குப் போயிருந்தார். அவ்வளவுதான். யாரும் என்னை அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. பெரியம்மா என்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்.

பெரியம்மாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியபோது, ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. அதைக் காட்டி அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் ஓட்டமே இல்லை. பெண்கள் 400 மீட்டர் முதன்முதலாக வந்தது 1964 டோக்கியோவில்தான். ஆஸ்திரேலியாவின் பெட்டி கத்பெர்ட் ஜெயித்தார். ஓடி முடித்த ஆண்களும்தான் விழுகிறார்கள். அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நம் கடலுக்கு அக்கரையில் இலங்கையின் தமயந்தி தர்ஷா 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் 200, 400 இரண்டிலும் தங்கம் வாங்கியதும் இதே சுற்றில்தான்.

இப்போது மதுரைக்கு வருவோம். சக்கிமங்கலம் ரேவதி வீரமணி. சின்ன வயதிலேயே அப்பாவும் அம்மாவும் இல்லை. கூலி வேலை பார்த்த பாட்டிதான் அவளையும் தங்கையையும் வளர்த்தது. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பு என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது முடியாது என்று மறுத்தது அந்தப் பாட்டி. ரேவதி பள்ளி நாட்களில் வெறுங்காலோடு ஓடியவள். 2021-ல் பாட்டியாலாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் 400 மீட்டரை 53.55 விநாடியில் ஓடி டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனாள். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் தொடர் ஓட்டம் ஒலிம்பிக்கில் அப்போதுதான் அறிமுகம். நம் அணியில் நான்கு பேர். ரேவதி, திருச்சியின் சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் என மூன்று பேர் தமிழ்நாடு. முதல் சுற்றோடு வெளியேறினார்கள். அதனால் என்ன? அந்தப் பாட்டி சொன்ன "முடியாது"தான் அவளை டோக்கியோ வரை கொண்டுபோனது. எங்கள் வீட்டில் அன்றைக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

சரி, நம் வீட்டுக்கு வருகிறேன். மூன்று பிளாக்கையும் சுற்றி வரும் சிமெண்ட் பாதையைப் போன வாரம் நானும் வாட்ச்மேன் அண்ணனும் நாடா பிடித்து அளந்தோம். 212 மீட்டர். இரண்டு சுற்றில் 24 மீட்டரைக் கழித்தால் சரியாக 400. அடுத்த பொதுக்குழுவில் அந்தப் பாதையின் ஒரு பக்கம் முழுக்க பார்க்கிங் கோடு போடத் தீர்மானம் வருகிறது. கார் நிறுத்த இடம் வேண்டும்தான். எங்கள் வீட்டுக் காரும் வெளியே வெயிலில்தான் நிற்கிறது. ஆனாலும் அந்தத் தீர்மானத்துக்கு நான் கை தூக்கப் போவதில்லை. காலை ஐந்தரை முதல் ஆறரை வரை பாதையில் வண்டி எடுக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் தூக்குகிறேன். தண்ணி லாரியை ஆறே முக்காலுக்கு வரச் சொல்லலாம். டிரைவர் தம்பியிடம் கேட்டுவிட்டேன், அவருக்குச் சம்மதம்.

அம்மாமார் இரண்டு பேர் கேட்டார்கள், சிமெண்டில் ஓடினால் முழங்கால் போகாதா என்று. நியாயமான கேள்வி. அங்கே நடையும் மெது ஓட்டமும் மட்டும்தான். வேக ஓட்டத்துக்குச் சனிக்கிழமை தருவை மைதானம் கூட்டிப்போகிறேன். (தருவை மைதானம் வேறு, எங்கள் தருவைகுளம் வேறு. புதிதாகக் குடிவந்தவர்கள் ஆட்டோவில் ஏறி அங்கே போய் இறங்கிவிடாதீர்கள்.) மாதவிடாய் நாட்களில் ஓடலாமா என்றும் ஒருவர் தனியாகக் கேட்டார். உடம்புக்கு முடிந்தால் ஓடலாம், முடியாவிட்டால் உட்காரலாம். அதை முடிவு செய்ய வேண்டியது ஓடும் பிள்ளை.

பால்கனியில் நின்ற பிள்ளைகளே, உங்களைத்தான். திங்கட்கிழமை ஐந்தரைக்கு பி பிளாக் படிக்கட்டு அருகே நிற்பேன். ஷூ இல்லாவிட்டாலும் வாங்க, முதல் வாரம் நடைதான். அம்மாவைக் கூட்டி வந்தால் இன்னும் நல்லது. பெரியம்மா இருந்தால் அவர்களையும்.