அயல்நாட்டுக் கல்வியும் உடல்நல ஆயத்தமும்



சமண அறம் போற்றும் தானங்கள் நான்கு: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். இவற்றுள் மருந்தும் கல்வியும் ஒருங்கே எண்ணப்படுகின்றன. ஆயினும் ஒரு பிள்ளை அயல்நாடு புறப்படும்போது, கல்விக்குரிய ஏற்பாடுகள் ஈராண்டுக்கு முன்பே தொடங்குகின்றன. மருந்துக்குரிய ஏற்பாடோ பெட்டி கட்டும் கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. அதுவரை பிள்ளையின் நோயும் மருந்தும் ஊசியும் அன்னையின் நினைவில் இருந்தன. புறப்படும் நாளில் அவை எழுத்தாகவும் அறிவாகவும் பிள்ளையின் கைக்கு வந்து சேர வேண்டும். உடல்நல ஆயத்தம் என்பதன் சாரம் இதுவே.

பலரும் நாடிச் செல்லும் பிரிட்டனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆறு மாதத்திற்கு மேல் அங்குத் தங்க விரும்பும் இந்திய மாணவர், அந்நாட்டு அரசு ஏற்ற மருத்துவ நிலையத்தில் மார்பு எக்ஸ்ரே எடுத்து, காசநோய் இல்லை என்னும் சான்றிதழ் பெற வேண்டும். அதன் செல்லுபடிக் காலம் ஆறு மாதம். விசாவுடன் செலுத்தும் உடல்நலக் கட்டணம் 2024 பிப்ரவரி முதல் மாணவருக்கு ஆண்டொன்றுக்கு 776 பவுண்டு. இத்தொகையைச் செலுத்தியிருந்தும், சென்றவுடன் அப்பகுதிக் குடும்ப மருத்துவரிடம் பெயர் பதியாமல், நோய் வந்தபின் அலைவோர் உளர். முதல் வாரத்திலேயே பதிதல் நலம். அவசரத்துக்கு 999, அவசரமல்லாத ஆலோசனைக்கு 111 என்னும் எண்களையும் மனத்தில் இருத்த வேண்டும்.

அடுத்தது தடுப்பூசி. “சிறுவயதில் எல்லாம் போட்டாயிற்று” என்னும் தாயின் சொல் அங்கே சான்றாகாது. தேதியிட்ட அட்டை வேண்டும். இந்திய அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஊசி உண்டு. பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. ஆகவே மூன்றுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசி இருமுறை போடப்பட்டதா என்று பார்க்க வேண்டும். இரண்டிற்கும் இடையே குறைந்தது 28 நாள் இடைவெளி தேவை. ஹெபடைடிஸ் பி ஊசியோ 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று முறை. கடைசி வாரத்தில் இவை கைகூடா. விடுதியில் நெருங்கி வாழ்வோரிடையே பரவக்கூடிய மூளையுறை அழற்சிக்கான ஊசியையும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நன்று.

நாள்தோறும் மருந்து உண்போர், மருந்தின் மூலப்பெயரும் அளவும் குறித்த மருத்துவர் கடிதத்தை ஆங்கிலத்தில் பெற்று, மருந்தை அதன் சொந்த உறையிலேயே கொண்டு செல்ல வேண்டும். கடைப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும். சில மூலப்பெயர்களும் மாறும். இங்குப் பாராசிட்டமால் எனப்படுவது அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். விமானத்தின் சரக்கறைக் குளிரில் உறைந்த இன்சுலின் பயன்படாது. பற்சிகிச்சையை இங்கேயே முடித்துக்கொள்வதும், மாற்றுக் கண்ணாடி ஒன்றை எடுத்துச் செல்வதும் செலவைக் குறைக்கும்.

இனி, சமணக் குடும்பங்கள் தனித்து எண்ண வேண்டியவை. டிசம்பர் பிற்பகுதியில் லண்டனில் கதிரவன் மாலை 4 மணிக்கு முன்பே மறைந்து, மறுநாள் காலை 8 மணிக்குப் பின்னரே எழும். இரவுணவு விலக்கும் மாணவருக்கு அது ஏறத்தாழ 16 மணி நேர உண்ணாமை. நலமுடையோர் இதனைத் தாங்கலாம். ஆனால் இன்சுலின் போடும் பிள்ளைக்குச் சர்க்கரை தாழ்ந்து, தாழிட்ட அறையில் தனியே மயங்கிக் கிடக்கும் நிலை நேரலாம். நோன்பின் அளவைப் பெரியோரிடமும், மருந்தின் அளவை மருத்துவரிடமும், புறப்படுமுன்பே கேட்டுத் தெளிய வேண்டும்.

கேப்சூல்களின் உறை பெரும்பாலும் விலங்கிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனது. மாத்திரையாகவோ தாவர உறையிலோ தருமாறு முன்கூட்டியே கேட்கலாம். உறையை எண்ணி உயிர்காக்கும் மருந்தை இடையில் நிறுத்துவது தகாது. பால் தவிர்ப்போர் பி12 சத்தைப் பரிசோதிக்க வேண்டும். வெயில் குறைந்த அக்டோபர் முதல் மார்ச் வரை நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி உட்கொள்வது பற்றி எண்ணுமாறு பிரிட்டன் அரசு கூறுகிறது. தாவர மூலத்திலும் அது கிடைக்கும்.

இறுதியாக ஒன்று. வலிப்பு, ஆஸ்துமா, மனச்சோர்வு ஆகியவற்றைத் திருமணப் பேச்சுக்கு இடையூறாகும் என்று அஞ்சி மறைக்கும் வழக்கம் இன்னும் அகலவில்லை. உள்ளூரில் மறைத்தால் தாய் பக்கத்தில் இருப்பாள். அயல்நாட்டில் எவரும் இரார். பல்கலைக்கழக நலப்பிரிவிடம் கூறுவது ஊர் அறியச் சொல்வதாகாது. அங்கே 18 வயது நிறைந்தவரின் மருத்துவச் செய்தியை, அவர் இசைவின்றிப் பெற்றோருக்குக்கூடப் பொதுவாகத் தெரிவிப்பதில்லை. எனவே வந்தவாசியிலிருந்து தந்தை தொலைபேசியில் கேட்டாலும் விடை கிடைக்காது. தன் நோயின் பெயரும், மருந்தும், ஒவ்வாமையும், இரத்த வகையும் பிள்ளையே அறிந்திருக்க வேண்டும். உடன் தங்கும் நண்பர் ஒருவரேனும் அறிந்திருக்க வேண்டும்.

விமானச் சீட்டு வாங்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே ஒரு மாலைப்பொழுதில் பெற்றோரும் பிள்ளையும் அமர்ந்து, பிறந்த நாள் முதல் வந்த நோய்களையும் போட்ட ஊசிகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். எழுதும் கை பிள்ளையின் கையாக இருக்கட்டும். அனைவர்க்கும் நலம் பெருகுக.