பறக்கும் உரிமையும் பாதுகாப்பு விதிகளும்



ஹிமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா மாவட்டத்தில், தௌலாதார் மலைத்தொடரின் சரிவில் பில்லிங் என்னும் புல்வெளி உள்ளது. அது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. பாராகிளைடரில் அங்கிருந்து புறப்படுவோர் கீழேயுள்ள பீர் கிராமத்தில் இறங்குகின்றனர். 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டியொன்று அங்கு நடைபெற்றது. பல ஆண்டுப் பயிற்சியால் காற்றின் போக்கை அறிந்த வீரரும் அச்சரிவிலிருந்தே பறக்கிறார். கட்டணம் செலுத்தி, ஓட்டியின் முன்னே வார்ப்பட்டையால் பிணைக்கப்பட்டு, சில நிமிட இன்பம் நாடும் சுற்றுலாப் பயணியும் அங்கிருந்தே பறக்கிறார். இருவரையும் தாங்குவது ஒரே காற்று. ஆயினும் அரசு இவ்விருவரையும் ஒரே விதியால் ஆளுதல் தகுமா? பொழுதுபோக்குக்காகப் பறத்தலில் தனிமனித சுதந்திரம் எதுவரை செல்லலாம், அரசின் கட்டுப்பாடு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்னும் பிரச்சினை இக்கேள்வியில் அடங்கியுள்ளது.

சுதந்திரத்தின் எல்லை

ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் ஒரு கோட்பாட்டை நிறுவினார். பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்காகவே சமூகம் ஒருவரின் செயலில் தலையிடலாம். அவருடைய சொந்த நன்மையை மட்டும் காரணமாகக் காட்டி அவரைக் கட்டாயப்படுத்துதல் கூடாது என்பது அதன் சாரம். பழுதடைந்த பாலம் ஒன்றை உதாரணமாகவும் அவர் காட்டினார். பாலம் பழுதடைந்தது என்பதை அறியாமல் ஒருவர் அதன்மீது காலெடுத்து வைக்கும்போது, எச்சரிக்க நேரமில்லையெனில் அவரைப் பிடித்து நிறுத்தலாம். ஆபத்தை நன்கு உணர்ந்த பின்னும் அவர் கடக்க விரும்பினால், எச்சரிக்கை செய்வதோடு பிறர் கடமை முடிகிறது. அறிந்து ஏற்கும் ஆபத்து வேறு, அறியாமல் சுமக்கும் ஆபத்து வேறு என்னும் இப்பாகுபாடு வான் விளையாட்டுக்கு மிகவும் பொருந்தும்.

இந்திய அரசியலமைப்பின் 19-ஆம் விதி சுதந்திரங்களை அளிக்கும்போதே, அவற்றின்மீது நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கவும் இடமளிக்கிறது. தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என்று 1978-இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, கட்டுப்பாடு தேவையா என்பதோடு, எந்த அளவு தேவை, யாருடைய நலனுக்காகத் தேவை என்பதையும் நிர்வாகம் காட்டக் கடமைப்பட்டுள்ளது.

தன் உயிரை மட்டும் பணயம் வைப்பவர்

இக்கோட்பாட்டை ஏறத்தாழ அப்படியே சட்டமாக்கிய நாடு அமெரிக்கா. 1982-இல் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் மிக இலகுவான விமானங்களுக்கெனத் தனி விதித்தொகுதியை வகுத்தது. விமானத்தின் வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது ஏறத்தாழ 115 கிலோவுக்குள், இருத்தல் வேண்டும். எரிபொருள் 5 காலனுக்கு, அதாவது ஏறத்தாழ 19 லிட்டருக்கு, மேற்படக் கூடாது. இருக்கை ஒன்றே ஒன்று. பொழுதுபோக்குக்கு மட்டுமே பறக்கலாம். இவற்றுக்கு உட்பட்டால் உரிமம் வேண்டாம். மருத்துவச் சான்றிதழ் வேண்டாம். விமானத்தைப் பதிவு செய்யவும் வேண்டாம்.

இத்தளர்வோடு இணைந்த நிபந்தனைகள் கருதத்தக்கவை. மக்கள் நெருங்கி வாழும் இடங்களின் மேலும், திறந்தவெளிக் கூட்டங்களின் மேலும் இவ்விமானங்கள் பறக்கக் கூடாது. இரவில் பறக்கக் கூடாது. பெரிய விமான நிலையங்களைச் சூழ்ந்த வான்வெளியில் முன் அனுமதியின்றி நுழையக் கூடாது. ஓட்டுபவர் தம் கழுத்தை முறித்துக்கொள்ளும் ஆபத்தை அரசு அவர் பொறுப்பிலேயே விட்டுவிட்டது. அயலார் தலைமேல் விழும் ஆபத்தை விடவில்லை. ஒற்றை இருக்கை என்னும் நிபந்தனையின் உட்பொருளும் அதுவே.

அடுத்தவரின் வானம்

அயலாருக்கு நேரக்கூடிய தீங்கு எத்தகையது என்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகிலுள்ள செரிட்டோஸ் சான்றாகும். 1986 ஆகஸ்ட் 31 அன்று, மூவர் சென்ற சிறிய தனியார் விமானம் ஒன்று அனுமதி பெறாமல், தவறுதலாக, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வான்வெளியில் நுழைந்தது. தரையிறங்குவதற்காகத் தாழ்ந்து வந்துகொண்டிருந்த மெக்சிகோ நாட்டுப் பயணிகள் விமானத்துடன் அது மோதியது. பெரிய விமானத்தில் 64 பேர், சிறிய விமானத்தில் 3 பேர், வீடுகளில் இருந்தோர் 15 பேர் என 82 பேர் மாண்டனர். சிறிய விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் அதன் உயரத்தைத் தெரிவிக்கும் வகையினதாக இல்லை. விமானக் கட்டுப்பாட்டு முறையின் குறைபாடுகளையும் விசாரணை சுட்டிக்காட்டியது. பின்னர், மிகப் பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல் எல்லைக்குள், உயரம் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் பொதுவாகக் கட்டாயமாக்கப்பட்டது. பெரிய பயணிகள் விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவியும் கட்டாயமாயிற்று.

கருவியின் விலை சிறிய விமான உரிமையாளருக்குச் சுமையே. ஆனால் தம் வீட்டில் அமர்ந்திருந்த 15 பேர் எந்த ஆபத்தையும் விரும்பி ஏற்றவர்கள் அல்லர். ஒருவர் தம் மகிழ்ச்சிக்காகச் செய்யும் செயலின் செலவைப் பிறர் ஏற்கும் நிலையைப் பொருளியல் அறிஞர் புறவிளைவு என்பர். அதனைக் கட்டுப்படுத்துவதில் சுதந்திர மீறல் ஏதுமில்லை.

கட்டணம் செலுத்தும் பயணி

இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்டவர் சுற்றுலாப் பயணி. அவர் தாமே விரும்பிப் பறக்கிறார் என்பது உண்மை. ஆனால் எதை ஏற்கிறோம் என்பதை அறிந்து ஏற்கிறாரா? ஓட்டியின் அனுபவம், விதானத் துணியின் வயது, பிற்பகல் காற்றின் கொந்தளிப்பு ஆகியவற்றை நடத்துபவர் அறிவார், பயணி அறியார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், தரம் குறைந்த சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையைக் கொண்டு விளக்கினார். பழைய கருவியையும் பயிற்சி குறைந்த ஓட்டியையும் வைத்திருப்பவரால் கட்டணத்தைக் குறைக்க இயலும். முறையாகத் தொழில் செய்பவர் போட்டியில் பின்தங்குவார். பயணி கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் இக்குறையை நீக்காது. பழுதடைந்த பாலத்தில் அறியாமல் கால் வைப்பவர் இவரே.

ஆதலால் இங்கு அரசின் கடமை மிகுகிறது. ஹிமாச்சலப் பிரதேசம் 2004-இலேயே வான் விளையாட்டு விதிகளை இயற்றியது. பருவமழைக் காலத்தில் அங்கு பறத்தலுக்குத் தடையும் உண்டு. எனினும், பீர் பகுதியில் ஒரு சிறுவன் உயிரிழந்த செய்தியை 2022 ஜனவரியில் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்ட உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப ஆய்வு நடைபெறும்வரை சாகச விளையாட்டுகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. 2025 ஜனவரியில் கோவாவின் கேரி மலைமேட்டில் பயணி, ஓட்டி இருவருமே உயிரிழந்தனர். விதி ஏட்டில் இருப்பதும் புறப்பாட்டு இடத்தில் இருப்பதும் ஒன்றாகிவிடா.

கட்டுப்பாட்டின் விலை

கட்டுப்பாடு மிகுந்தால் பாதுகாப்பும் மிகும் என்று கருதுதலும் பிழையாகும். சான்றிதழ்களும் கட்டணங்களும் பெருகினால் பறக்கும் மணிகள் குறையும். பழக்கம் குறைந்த ஓட்டியின் கை தடுமாறும். விபத்துக்குப் பின் அனைவருக்கும் பொதுவான தடை விதித்தால், விதிப்படி நடந்தவரே முதலில் வருமானம் இழப்பர். விதியை மதியாதவர் வேறு சரிவைத் தேடிச் செல்வர். சிறு தவறுக்கும் தண்டனை உறுதி என்றால் தவறுகள் மறைக்கப்படும். இதனை உணர்ந்தே அமெரிக்காவில் 1976 முதல், நிகழ்ந்த தவறுகளைப் பெயர் வெளியிடாமல் தெரிவிக்கும் ஏற்பாட்டை, அந்நாட்டு விண்வெளி நிறுவனமான நாசா நடத்தி வருகிறது. உரிய காலத்தில் தெரிவிப்பவருக்கு, தவறு வேண்டுமென்றே செய்யப்படாததாயின், தண்டனையிலிருந்து விலக்கு கிடைக்கும்.

இந்தியாவின் பாதை

1929-இல் இந்தியாவில் முதல் விமானி உரிமத்தை ஜே.ஆர்.டி. டாடா பெற்றார். 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக, 2024-இல் இயற்றப்பட்ட பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. 2021-இன் டிரோன் விதிகள் ஆபத்தின் அளவுக்கேற்ற கட்டுப்பாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 250 கிராமுக்கு மேற்படாத டிரோனை இயக்க உரிமம் தேவையில்லை. 2 கிலோ வரையிலான டிரோனுக்கும் வணிக நோக்கமின்றி இயக்கினால் தேவையில்லை. மிகச் சிறியவை நீங்கலாக ஏனையவற்றுக்கு, அயலார் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு வேண்டும்.

2022-இன் தேசிய வான் விளையாட்டுக் கொள்கை பாராகிளைடிங், பலூன், கிளைடர், பாராசூட் முதலிய 11 வகை விளையாட்டுகளை உள்ளடக்கியது. தேசியக் கூட்டமைப்பு முதல் மாவட்டச் சங்கம் வரை நான்கு அடுக்கு அமைப்பை அது வகுத்தது. சேவை வழங்குவோரும் முக்கியக் கருவிகளும் உரிய சங்கங்களில் பதிவு பெறவேண்டும் என்பது அதன் நோக்கம். விளையாட்டை அறிந்தவரே அதன் ஒழுங்கைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் வரவேற்கத்தக்கது. ஆனால் சங்கத்தின் உறுப்பினர்களாகத் தொழில் நடத்துவோரே இருப்பர் என்பதால், அவர்களைச் சாராத ஆய்வும் உடன் இருத்தல் அவசியம்.

ஆகவே விதி எழுதும் அலுவலர் முதலில் கேட்க வேண்டியது, ஆபத்து யாருடையது என்பதே. தனியாகப் பறப்பவருக்கு வானிலை அறிவிப்பும் பயிற்சி வசதியும் அளித்து, முடிவை அவரிடம் விடலாம். அயலார் வானையும் கூரையையும் காக்கும் விதிகளில் தளர்வு கூடாது. பணம் கொடுத்து ஏறும் பயணிக்காக ஓட்டியின் தகுதி, கருவியின் நிலை, காப்பீடு ஆகிய மூன்றும் புறப்படும் இடத்திலேயே நாள்தோறும் சரிபார்க்கப்பட வேண்டும். காற்று சரியில்லாத பிற்பகலில், வரிசையில் நிற்கும் பயணிகளின் முகங்களையும் இழக்கப்போகும் கட்டணத்தையும் பாராமல், இன்று பறத்தல் இல்லை என்று சொல்லும் துணிவும் அதிகாரமும் அங்குள்ள அலுவலருக்கு இருத்தல் வேண்டும். பறக்கும் சுதந்திரத்தை மறுநாளும் நிலைக்கச் செய்வது அந்த ஒரு சொல்லேயாகும்.