கருவைத் தீண்டும் நஞ்சு
(திருவண்ணாமலை இரமணாசிரமப் பகுதியில் ஆற்றிய உரை)



மலைவலம் வந்து மகப்பேறு வேண்டுவோர் நிறைந்த ஊர் இது. வேண்டிப் பெற்ற கருவைக் காப்பதும் நம் கடனே.

பாதரசம் என்கிறோமே, அதன் தமிழ்ப்பெயர் இதள். கோடைக்கானலில் இந்துசுத்தான் இலீவர் நிறுவனத்தின் வெப்பமானி ஆலையில் அதனைக் கையாண்டனர். இதள் படிந்த கண்ணாடிக் கழிவு பழம்பொருட் கடையில் கண்டறியப்படவே, 2001-இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்குத் தொகை வழங்க 2016-இல்தான் உடன்பாடு ஏற்பட்டது.

இதளின் ஆவி மூச்சுவழிக் குருதியிற் கலந்து, நச்சுக்கொடியையும் கடந்து கருவை அடையும். மீனில் சேரும் மெத்தில் இதளோ இன்னுங் கொடிது. கருமூளையின் நரம்பணுக்கள் தத்தம் இடஞ்சேர்வதையே குலைக்கும். சப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட பெருங்கேட்டில், நோய்க்குறி மிகாத தாயர்க்கும் மூளை சிதைந்த குழந்தைகள் பிறந்தன. தாயின் நலங்கண்டு கருவும் நலமென்று தேறுதல் பிழையென அவ்வூர் காட்டிற்று.

ஆதலின், நஞ்சு புழங்கும் ஒவ்வோர் ஆலையிலும் எச்சரிக்கை தமிழில் நிற்றல் வேண்டும். கருவுற்ற பெண்ணுக்குக் கூலி குறையாமல் மாற்றுப்பணி தரல் வேண்டும். தாய்க்கு விளங்காத மொழியில் எழுதிய எச்சரிக்கை, எழுதாததற்கு ஒப்பே!

வாழ்க தமிழ்!