அரசின் ஏடும் அதன் சாவியும்



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசும் புலமை நமக்கில்லை. நாளெல்லாம் ஏட்டோடும் இரசீதோடும் பழகும் நாம், ஏடுகளைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகிறோம்.

முன்னாளில் அரசின் பதிவேடு அலமாரியில் இருந்தது. சாவி அலுவலரிடம் இருந்தது. இன்று ஏடு கணினிக்குள் புகுந்துவிட்டது. அதனைத் திறக்கும் மென்பொருளின் மூல நிரல், விற்ற கம்பெனியின் கையில் மட்டுமே இருக்குமாயின், சாவி யாரிடம் இருக்கிறது? இவ்வினாவை ஐரோப்பிய நாடுகள் எழுப்பிக்கொண்ட வரலாறு நாம் அறியத்தக்கது.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி ஏறத்தாழ 14,000 கணினிகளில் பழைய விண்டோஸைப் பயன்படுத்தி வந்தது. அதனை இனிப் பேணமாட்டோம் என்று விற்றவரே கூறிவிடவே, எவரும் படித்துத் திருத்தவல்ல லினக்ஸுக்கு மாற நகரமன்றம் 2003இல் தீர்மானித்தது. மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் நேரில் வந்து நகரத் தலைவர் கிறிஸ்டியன் ஊடேயைக் கண்டு பேசியும் தீர்மானம் மாறவில்லை. 2013இல் பணி நிறைவேறிற்று. ஆயினும் வெளியாருடன் ஆவணம் பரிமாறுவதில் இடர்கள் எழுந்தன. நகரத் தலைமையும் மாறிற்று. 2017இல் மன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது.

இருப்புப்பாதையில் பணிபுரியும் நமக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். அகலப் பாதையும் மீட்டர் பாதையும் கூடும் நிலையத்தில் சரக்கை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியிருந்ததன்றோ? ஒரு நகரம் மட்டும் பாதையை மாற்றினால் போதாது; அண்டை அயலாரும் அதே அளவில் பாதை போடவேண்டும்.

அம்முயற்சி வீண்போகவில்லை. அந்நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், ஏறத்தாழ 30,000 அலுவலர் கணினிகளில் லிப்ரே ஆபீஸை நிறுவ 2024இல் முடிவு செய்தது; 2025இல் 40,000க்கு மேற்பட்ட அஞ்சற் பெட்டிகளையும் திறந்த மூல மென்பொருளுக்கு மாற்றி முடித்தது. எஸ்தோனியா, அரசுத் துறைகளின் பதிவேடுகளை இணைக்கும் எக்ஸ்-ரோடு என்னும் அமைப்பை 2001இல் தொடங்கிற்று. அதன் மூல நிரலை 2016இல் உலகறிய வெளியிட்டது. பின்லாந்தும் அதனையே ஏற்று, 2017இல் எஸ்தோனியாவுடன் சேர்ந்து அதனைப் பேண ஒரு பொது நிறுவனம் கண்டது. ஐரோப்பிய ஆணையம் 2007இல் பொது உரிமம் ஒன்றை வகுத்தது. இன்று அது 23 மொழிகளில் உள்ளது. ஒவ்வொன்றும் சட்டத்தின்முன் சமமானது. தாய்மொழியைப் போற்றும் நமக்கு இச்செய்தி இனிமை தருவதாம்.

இதன் பயன் விலைக்குறைவே என்று எண்ணற்க. பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் பொருள் செலவாகத்தான் செய்யும். ஆனால் விற்றவர் கடையை மூடினாலும், ஏழைக் குடிமகனின் பிறப்புப் பதிவும் நிலப் பதிவும் நாளை திறக்கவேண்டும். அச்சாவி மக்களுடையது.

நம் குடியிருப்பில் கணினி கற்கும் பிள்ளைகள் பலர் உளர். நிரல் எழுதுவதோடு அமையாது, அது யாருக்கு உரியது என்றும் அவர்கள் கேட்கப் பழகுவாராக. வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!